ஆகஸ்ட் 15 பள்ளி ஷோ: சில்க் வரவழைக்க எந்தச் சாமான் வாங்கலாம்?

மதுரை_மேஜிக்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். பிறந்தநாள் வீடுகள்ல ஷோ பண்ணிப் பழகின ஆள் நான். எங்க பக்கத்து நடுநிலைப் பள்ளியில சுதந்திர தினத்துக்கு அரை மணி நேரம் கேட்டிருக்காங்க. கொடியேத்தின கையோட மைதானத்துலயே. காலை வெயில். பிள்ளைங்க மூணு பக்கமும் தரையில உக்காருவாங்க, மாடி வராந்தாவுல பெரிய வகுப்புப் பசங்க நின்னு பாப்பாங்க.

கடைசி ஐட்டமா, காலியா காட்டின ஒரு சாமான்லேர்ந்து சில்க்கா (பட்டுக் கைக்குட்டைதான்) உருவி உருவி எடுத்து, முடிவுல பெரிய தேசியக் கொடியை விரிக்கணும்னு ஆசை. ஸ்கொயர் சர்க்கிள், பேன்டம் டியூப், ட்ராயர் பாக்ஸ், டவ் பேன் நாலையும் பாத்து வச்சிருக்கேன். காசு ஒண்ணுக்குத்தான் இருக்கு. எதை வாங்க?

பழைய_தொப்பி:
தம்பி, நீங்க சொன்ன இடத்தைக் கேட்டதுமே ஸ்கொயர் சர்க்கிளைப் பட்டியல்லேர்ந்து அடிச்சுட்டேன். வீட்டு ஹால்ல, மேடையில அது ராஜா. ஜன்னல் வெட்டின சதுரப் பெட்டி, உள்ள ஒரு வட்டக் குழல், ரெண்டையும் மாத்தி மாத்தித் தூக்கிக் காட்டுறோம், எல்லாம் காலி. ஆனா அது நிக்கிறது கருப்பு மேல கருப்பு தெரியாதுங்கற ஒரே நம்பிக்கையில. ஜெர்மனியில மேக்ஸ் ஆவுசிங்கர் 1880-கள்ல கருப்பு வெல்வெட் மேடையில பண்ணிக் காட்டின அதே கொள்கைதான் சின்னப் பெட்டிக்குள்ள வந்து உக்காந்திருக்கு. காலை வெயில் சாய்வா அந்த ஜன்னல் வழியா உள்ள விழுந்தா, எவ்வளவு மட்டான கருப்புப் பெயின்ட்டும் சாம்பல் நிறமாத்தான் தெரியும். போதாததுக்கு மாடியிலேர்ந்து பசங்க மேல் வாயை நேரா எட்டிப் பாப்பாங்க. எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் போதும், "சார் உள்ள இன்னொரு டப்பா இருக்கு"ன்னு கத்த.

டவ் பேனும் வேண்டாம், அதான் காலிப் பாத்திரத்தை மூடித் திறந்தா சாமான் இருக்குமே, அது. பாத்திரத்தைவிட மூடி பெருசா இருக்கறதைக் குழந்தைங்கதான் முதல்ல கவனிப்பாங்க. பெரியவங்க மரியாதைக்குச் சும்மா இருப்பாங்க. அதுல நெருப்புக் காட்டினாத்தான் அழகு, பள்ளி மைதானத்துல நெருப்பு வேண்டாம்.

ட்ராயர் பாக்ஸ் பத்திப் பேசவே தேவையில்லை. திறந்தா காலி, மூடித் திறந்தா சாமான். பெட்டிதான் வேலை செய்யுதுன்னு பெட்டியே சொல்லிடும்.

மிச்சம் பேன்டம் டியூப்ங்கற குழல்.

சில்க்36:
தொப்பி அண்ணன் சொன்னதுக்கு மேல ஒண்ணு. எந்தக் குழல் வாங்கினாலும் உள்ள என்ன துணி போகுதுங்கறதுதான் ஷோ. செட்டோட கொடுக்கிற பளபளா பாலியஸ்டர் கைக்குட்டையைத் தூக்கிப் போட்டுருங்க. அமுக்கினா அமுங்காது, விட்டா விரியாது, வழுக்கிக்கிட்டுத் தொங்கும்.

கேட்க வேண்டியது 5 மோமி கனத்துல ஹபுட்டாய் பட்டு. துணிக்கடையில சைனா சில்க்குன்னு சொன்னா எடுத்துப் போடுவாங்க, அதுல மெல்லிசு ரகம். ஒரு மோமின்னா சதுர மீட்டருக்கு 4.34 கிராம். அப்ப 5 மோமியில 18 அங்குலச் சதுரம் ஒண்ணு நாலரை கிராம்தான், 36 அங்குலம் 18 கிராம். பட்டு நாரோட அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 1.3 கிராம். கணக்குப் போட்டா 18 அங்குலக் கைக்குட்டையில உண்மையான பட்டு மூணரை மில்லி, மிச்சமெல்லாம் காற்று. நாம குழல்ல அமுக்கறது காற்றை வெளியே தள்ளத்தான். எடுத்து உதறினதும் நாரு நிமிர்ந்து காற்றை வாங்கிக்கும், பாக்கறவங்களுக்கு இவ்வளவு துணியான்னு இருக்கும்.

மதுரை_மேஜிக்தம்பி:
அண்ணா, பட்டுன்னா காஞ்சிபுரத்துல சொந்தக்காரங்க இருக்காங்க, வெட்டுத் துண்டா வாங்கலாமா?

சில்க்36:
வேண்டவே வேண்டாம். காஞ்சிபுரம் நெசவு முறுக்கின நூல்ல, இழை சேர்த்துப் போடறது. அந்தக் கனம்தான் அதுக்குப் பெருமை. அதை ஒரு முழம் குழலுக்குள்ள திணிச்சா அதோட குழல் நிறைஞ்சிரும். கல்யாணத்துக்கு வச்சுக்கோங்க.

ஓரம் தைக்கறதையும் சொல்லிடறேன். டெய்லர்கிட்ட விட்டா நல்லெண்ணத்துல தடிமனா மடிச்சு மிஷின் போட்டுத் தருவார். பத்துக் கைக்குட்டை சேர்ந்தா ஓரம் மட்டுமே பாதி இடத்தைத் தின்னும். விரல்ல உருட்டிக் கையால தைக்கச் சொல்லுங்க. சாயம் போகுதான்னு வெள்ளைத் துணியில நனைச்சுப் பாத்துடுங்க, வேர்த்த கையில சிவப்பு ஒட்டினா வெள்ளை சில்க் போச்சு.

யாழ்_கைவரிசை:
வணக்கம் தம்பி. எங்கட பக்கம் சாமான் வாங்கக் கடை இல்லை, கொழும்பில இருந்தோ வெளிநாட்டில இருந்து வாற ஆக்கள் மூலமோதான். அதால நான் பள்ளிக்கூடங்களுக்குச் சேஞ்ச் பேக் ஒண்டைத்தான் கொண்டு போறனான். வெல்வெட் துணி, ஒரு வளையம், ஒரு கைபிடி. தையல் தெரிஞ்ச ஆள் ஒரு பின்னேரத்தில தைச்சுத் தருவார். உள்ளுக்க வெளியால புரட்டிக் காட்டலாம், மாடியில நிக்கிற பெடியளுக்கும் பயமில்லை. வெயிலுக்கும் பயமில்லை.

குறை என்னெண்டா, பிச்சைக்காரப் பை மாதிரி ஒரு கைபிடி போட்ட பையை ஆர் வீட்டில வச்சிருக்கினம்? கோயில் காணிக்கைப் பை எண்டு ஒரு கதை சொல்லித்தான் நான் தொடங்குவன்.

கேள்விக்குறி:
பேன்டம் டியூப் எப்படி வேலை செய்யுதுன்னு யாராவது சொல்லுங்களேன். வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சா நல்லது.

சபா_செயலர்:
இது பொது வெளி, கூகுள்ல தேடி வர்ற பார்வையாளரும் படிப்பாங்க. ரகசியம் கேட்டுப் பதிவு போட வேண்டாம். சாமான் வாங்கினா விளக்கத் தாள் கூடவே வரும்.

பகுத்தறிவன்:
இந்த ரகசியப் பாதுகாப்பு எனக்குப் புரியவே இல்லை. கோவை போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவுப் பிரசாரகர் பிரேமானந்த், 2009-ல் மறையும்வரை ஊர் ஊராகப் போய்ச் செய்தது என்ன? வெறுங்கையிலிருந்து திருநீறு வரவழைத்துக் காட்டுவார். கூட்டம் வாய் பிளந்ததும், சாம்பலைக் கஞ்சியில் பிசைந்து உருட்டிக் காயவைத்த வில்லையைக் கட்டைவிரல் இடுக்கில் வைத்திருந்ததைத் திறந்து காட்டுவார். பிறகு கூட்டத்திலிருந்தே ஒரு பையனைக் கூப்பிட்டு அவனையும் செய்ய வைப்பார். வெறுங்காற்றிலிருந்து பொருள் வரும் என்று நம்பி மக்கள் ஏமாறும் நாட்டில், எப்படி வருகிறது என்று சொல்வது கடமை. நீங்கள் குழலின் சூட்சுமத்தைக் கோயில் கருவறைபோலப் பூட்டி வைக்கிறீர்கள்.

பழைய_தொப்பி:
பிரேமானந்த் மேல எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனா அவர் உடைச்சது பொய்யை. "எனக்குச் சக்தி இருக்கு"ன்னு சொல்றவன் கையைத்தான் அவர் பிடிச்சார். நாங்க யாரும் சக்தி இருக்குன்னு சொல்லலையே. டிக்கெட் வாங்கும்போதே இது வித்தைன்னு உங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். கிராமத்துச் சந்தையில மோடி மஸ்தான் கீரிக்கும் பாம்புக்கும் இப்ப சண்டை விடறேன், இப்ப விடறேன்னு தாயத்து வித்துட்டுப் போவாரே, அவரையும் மேடை மேஜிக் நிபுணர் பி.சி.சர்க்காரையும் ஒரே தராசுல வைக்க முடியாது.

பகுத்தறிவன்:
வேறுபாடு சரி. ஆனால் வெளியிட்டால் கலை செத்துவிடும் என்பது மெய்யா? ஆஞ்செலோ லூயிஸ் என்ற லண்டன் வழக்கறிஞர் 'பேராசிரியர் ஹாஃப்மன்' என்ற பெயரில் 1876-ல் ஒரு தடித்த நூலை வெளியிட்டு, அன்றைய மேடை வித்தைகளை விலாவாரியாக எழுதினார். தொழில்காரர்கள் கொதித்தார்கள். நடந்தது என்ன? அதைப் படித்து ஒரு தலைமுறையே மேஜிக்குக்கு வந்தது.

சபா_செயலர்:
நல்ல வாதம், அதனால விதியைக் கொஞ்சம் தெளிவாக்கறேன். நூறு வருஷமா நூலகத்துல கிடக்கிற பொதுக் கொள்கைகளைப் பேசலாம். இன்னைக்கு உயிரோட இருக்கிற ஒருத்தர் யோசிச்சு வித்துக்கிட்டிருக்கிற சாமானோட உள்விவரம் மட்டும் கூடாது, அது அவர் சோறு. இழையை விட்டு விலகாம தொடருங்க.

பழைய_தொப்பி:
அப்ப கேள்விக்குறிக்குப் பதில். பேன்டம் டியூப்னா ரெண்டு பக்கமும் திறந்த உலோகக் குழல். உள்ள இன்னொரு உறை ஒட்டியிருக்கும், அது ஒரு முனையில அகலமாத் தொடங்கி மறு முனைக்குப் போகப் போகக் குறுகும். அகல முனை வழியா பாத்தா தூரம் போகப் போக வட்டம் சின்னதாத் தெரியறது இயல்புதானே, கண்ணு அதைச் சந்தேகப்படாது. ரெண்டு சுவருக்கும் நடுவுல கிடைக்கிற இடம்தான் நம்ம கிடங்கு. முனைகளை டிஷ்யூ தாளால மூடி வளையம் போட்டுட்டா, குத்திக் கிழிச்சு எடுக்கும்போது சத்தமும் சேர்ந்து வரும். அந்த டப்புன்னு கிழியற சத்தம் குழந்தைங்களுக்குச் சில்க்கைவிடப் பிடிக்கும்.

தம்பி, உங்க பிரச்சினை இங்கதான். குறுகின முனையில அந்த இடைவெளி திறந்து கிடக்கும். வலப்பக்கம் உக்காந்தவங்களுக்குக் குழல் வழியா காட்டினா, அந்த முனை இடப்பக்கத்துப் பிள்ளைங்க மூஞ்சியைப் பாத்து நிக்கும். மூணு பக்கம் ஆள் வச்சுக்கிட்டு இதைப் பண்ணவே முடியாது. சாமான் வாங்கறதுக்கு முன்னாடி தலைமை ஆசிரியரைப் பாருங்க. பள்ளிச் சுவர் உங்க முதுகுக்கு வரணும், பிள்ளைங்க முன்னால விசிறி மாதிரி உக்காரணும், சூரியன் உங்க முகத்துல அடிக்கணும், அவங்க கண்ணுல அடிக்கக் கூடாது. சரின்னுதான் சொல்லுவாங்க, இதுவரைக்கும் எந்த மேஜிக்காரரும் போய்க் கேட்டிருக்க மாட்டார்.

சில்க்36:
கிடங்கோட அளவு சும்மா போட்டுப் பாத்தேன். 10 அங்குல நீளம், வெளி விட்டம் 5 அங்குலம், உறை 5-லேர்ந்து மூணரை அங்குலமாக் குறுகுதுன்னு வச்சா, இடைவெளி சுமார் 53 கன அங்குலம், அதாவது 870 மில்லி. ஒரு லிட்டர் பால் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் கம்மி. அதுல தாராளமா சில்க் போகும்.

திணிக்கிற முறை முக்கியம். பந்தாச் சுருட்டாதீங்க. விசிறி மடிப்பா மடிச்சு, ஒண்ணோட மூலை அடுத்ததுக்குள்ள செருகியிருக்கணும். ஒண்ணை உருவினா அடுத்ததோட நுனி வாசலுக்கு வந்து நிக்கும், கை உள்ள தேடக் கூடாது. முந்தின ராத்திரியே ஏத்தி வைக்காதீங்க, கசங்கின பட்டு மேடையில அழுகின வாழையிலை கணக்கா தொங்கும். காலையில மிதமான சூட்டுல தேய்ச்சு உடனே ஏத்துங்க.

யாழ்_கைவரிசை:
கொடி விசயம் ஒருத்தரும் கதைக்கேல்லை. இந்தியாவில கொடிக்குச் சட்டம் கடும் எண்டு கேள்வி. கைக்குட்டையா மடிச்சு உருவலாமே?

பகுத்தறிவன்:
நல்ல கேள்வி. 2002-ஆம் ஆண்டுக் கொடிச் சட்டத் தொகுப்பின்படி தேசியக் கொடியைக் கைக்குட்டையிலோ மெத்தை உறையிலோ அச்சிடவோ பின்னவோ கூடாது. தரையில் படவும் விடக் கூடாது. கொடியின் நீள அகல விகிதம் 3:2. மேஜிக் கடைகளில் விற்கும் 36 அங்குலச் சதுரத்தில் அசோகச் சக்கரம் அச்சிட்டிருந்தால் அது முறையான கொடியும் இல்லை, அனுமதிக்கப்பட்ட கைக்குட்டையும் இல்லை. ஆசிரியர்கள், ஊராட்சித் தலைவர், கைப்பேசியில் படம் எடுக்கும் பெற்றோர் எல்லோரும் இருக்கும் இடம். ஆர்வத்தில் செய்து வம்பில் மாட்ட வேண்டாம்.

மதுரை_மேஜிக்தம்பி:
ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லையே. கொடி இல்லாம ஆகஸ்ட் 15 முடிவு எப்படி வைக்க?

சில்க்36:
சக்கரம் இல்லாத மூணு தனி சில்க். காவி, வெள்ளை, பச்சை. மூணும் 36 அங்குலம். ஒவ்வொண்ணா எடுத்து மூணு பிள்ளைங்க கையில கொடுத்து மேலிருந்து கீழா வரிசையாப் பிடிக்கச் சொல்லுங்க. கூட்டம் தானா கைதட்டும், நீங்க கொடின்னு வாயால சொல்லவும் வேண்டாம். கம்பத்துல நிஜக் கொடி ஏற்கனவே பறந்துக்கிட்டிருக்கு.

காற்றுக்காசு:
எல்லாரும் குழலையே பிடிச்சுத் தொங்கறீங்க. எனக்குக் கேட்டா சாமானே வேண்டாம்னு சொல்வேன். நெல்சன் டவுன்ஸ்னு அமெரிக்கர், 'நாணய மன்னன்'னு பேர், காற்றுலேர்ந்து காசு பறிச்சுப் பறிச்சுத் தொப்பியில போட்டே பெரிய நாடகக் கொட்டகைகளை நிறைச்சார். நமக்குத் தொப்பி வேண்டாம், ஒரு எவர்சில்வர் வாளி போதும். காது மடல்லேர்ந்து, மூக்கு நுனியிலேர்ந்து, பை ஓரத்துலேர்ந்து எடுத்து டங்குனு போடற சத்தம் மைதானம் முழுக்கக் கேக்கும். வெயில், மாடி, மூணு பக்கம் எதுவும் இதைக் கெடுக்காது. கைப்பழக்கம் மட்டும் வேணும்.

பழைய_தொப்பி:
காற்றுக்காசு சொல்றதுல பெரிய விஷயம் இருக்கு. வாளி வாளியாவே இருக்கு, காசு காசாவே இருக்கு. பாக்கறவன் வீட்டுலயும் ரெண்டும் உண்டு. டிராகன் படம் போட்ட சிவப்பு தங்கப் பெட்டியை எந்த வீட்டுலயும் பாத்திருக்க மாட்டான். மேஜிக் சாமான்ல எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் இதுதான், அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

பழைய ஆட்கள் இதுல புத்திசாலிங்க. லண்டன்ல எல்லா ஆம்பளையும் உயரத் தொப்பி போட்ட காலத்துல ஜோசப் ஹார்ட்ஸ் பார்வையாளர் தொப்பியையே இரவல் வாங்கி, அதுலேர்ந்து மேசை கொள்ளாத அளவுக்குச் சாமான் இறக்குவார். இன்னைக்கு நாம அதே தொப்பியைக் கொண்டு போனா அதுவே விசித்திரம். புவாத்தியே டி கோல்ட்டா, லியோன்ல பிறந்து 1903-ல நியூ ஆர்லியன்ஸ்ல இறந்தவர், ஒரு தாளைக் கூம்பாச் சுருட்டி அதுலேர்ந்து காகிதப் பூவாக் கொட்டுவார். ஒவ்வொரு பூவுக்குள்ளயும் ஒரு சின்ன ஸ்பிரிங், தட்டையா அமுக்கினா ஒரு கொத்து உள்ளங்கையில அடங்கும். அவர் கையில இருந்தது வெறும் தாள், அவ்வளவுதான்.

எல்லாத்துக்கும் சிகரம் சீனாக்காரங்க. சூ லியன்குய், மேடைப் பேர் சிங் லிங் ஃபூ, 1898-ல ஓமஹா கண்காட்சிக்குப் போய் அமெரிக்காவையே மிரட்டினார். ஒரு துணியை உதறிக் காட்டி, தரையில போட்டு எடுத்தா, தளும்பத் தளும்பத் தண்ணியோட ஒரு பெரிய பாத்திரம். பெட்டி இல்லை, மேசை இல்லை, கண்ணாடி இல்லை. அந்தக் கனத்தை நீள அங்கிக்குள்ள தாங்கிக்கிட்டே சாதாரணமா நடந்து வர எத்தனை வருஷம் உடம்பைப் பழக்கியிருப்பார்னு யோசிங்க. சீனாவுல அந்த மரபுக்காரங்க குட்டிக்கரணம் போட்டு எழுந்திருக்கும்போதே கிண்ணத்தோட எழுந்திருப்பாங்க. நாம ஆன்லைன்ல வாங்கின டப்பாவைப் பிடிச்சுக்கிட்டுக் கை நடுங்கறோம்.

கேள்விக்குறி:
அப்ப சாமானே வாங்கக் கூடாதா?

பழைய_தொப்பி:
வாங்குங்க. ஆனா சாதாரணமாத் தெரியற மாதிரி மாத்துங்க. நான் பேன்டம் டியூப் மேல இருக்கிற டிராகனைச் சுரண்டிட்டுக் குழாய்க் கடைச் சாம்பல் நிறம் அடிச்சு வச்சிருக்கேன். "இது எங்க வீட்டு மோட்டார் குழாயில வெட்டின துண்டு"ன்னு சொன்னா யாரும் மறுபடி பாக்கறதில்லை.

இன்னொண்ணு, காலின்னு வாயால சொல்லவே கூடாது. "நல்லாப் பாருங்க, உள்ள ஒண்ணுமே இல்லை, சரியா?"ன்னு மூணு தடவை கேட்டா அதுவரைக்கும் சும்மா இருந்த பையனும் எதையோ மறைக்கிறான்னு நிமிர்ந்து உக்காருவான். குழல் வழியா ஒரு கண்ணை வச்சு முன் வரிசைப் பிள்ளையைப் பாத்து "ஏய், நீயா!"ன்னு சிரிங்க. அவ்வளவுதான். காலின்னு அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க. அவங்களா பண்ணின முடிவை அவங்க சந்தேகப்பட மாட்டாங்க.

யாழ்_கைவரிசை:
அருமை அண்ணை. அதோட சர்க்காரின்ர சொம்பையும் சேர்க்கலாம் தம்பி. 'வாட்டர் ஆஃப் இந்தியா' எண்டு ஷோ முழுக்க அப்பப்ப வந்து ஒரு சொம்பைக் கவிழ்த்துத் தண்ணியை முழுக்க ஊத்திப்போட்டுப் போவார், அடுத்த முறை வரேக்க திரும்பவும் தண்ணி வரும். ரெண்டு சுவர் வச்ச சொம்பு, விரல் வைக்கிற ஓட்டை ஒண்டு, வேற ஒண்டுமில்லை. பிள்ளையள் மூண்டாம் தரம் நீங்கள் சொம்பைத் தொட முதலே சிரிக்கத் தொடங்குவினம்.

கேள்விக்குறி:
முடிவுல ஒரு வெள்ளைப் புறாவும் பறக்க விட்டா?

சபா_செயலர்:
பறக்க விட்டா திரும்பி வராது, வளர்ப்புப் புறாவுக்கு வெளியில பிழைக்கத் தெரியாது. உயிரினங்களை வச்சு ஷோ பண்ண 2001 விதிகள்படி பதிவும் வேணும். இந்த ஷோவுக்குப் புறா பேச்சு வேண்டாம்.

மதுரை_மேஜிக்தம்பி:
தலைமை ஆசிரியரைப் பாத்துட்டு வந்தேன். சுவர் முதுகுக்கு வர்ற மாதிரி மேடையைத் திருப்பிப் போடச் சம்மதிச்சுட்டாங்க, மாடிப் பசங்களையும் கீழ உக்கார வைக்கிறாங்களாம். பேன்டம் டியூப்தான் வாங்கப் போறேன், சாம்பல் பெயின்ட் அடிச்சு. நடுநடுவுல சொம்பு. சில்க் மொத்தம் எத்தனை வாங்க?

சில்க்36:
18 அங்குலத்துல எட்டு, நிறத்துக்கு ரெண்டா. 36-ல காவி, வெள்ளை, பச்சை ஒவ்வொண்ணு. கடைசியில வரவேண்டிய மூணையும் முதல்ல ஏத்துங்க, பச்சை அடியில, அதுக்கு மேல வெள்ளை, அப்புறம் காவி. சின்னது எட்டும் அதுக்கு மேல.

மதுரை_மேஜிக்தம்பி:
சின்னதுல என்ன நிறம் அண்ணா?

சில்க்36:
காவி, பச்சை, வெள்ளை மூணும் சின்னதுல வேண்டாம், முடிவு முன்கூட்டியே தெரிஞ்சிரும். மஞ்சள், ஊதா, ரோஸ், ஆகாய நீலம் எடுங்க. பின்னாடி இருக்கிற பள்ளிச் சுவர் என்ன நிறம்?

மதுரை_மேஜிக்தம்பி:
மஞ்சள்.

சில்க்36:
அப்ப மஞ்சளை விட்டுட்டுச் சிவப்பு.